வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

1993-இல் ஃபின்லாந்தின் நடுப்பகுதியில் உள்ள யூவாஸ்குலா நகரத்துப் பாலிடெக்னிக்கில் சந்தையியல் சொல்லிக்கொடுத்துவந்த யோஹான்னஸ் பார்ட்டனென், அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர ஆசையா, அந்தச் சாக்கில் கொஞ்சம் சந்தையியலும் கற்றுக்கொள்கிறீர்களா என்று அதில் கேட்டிருந்தார். அன்றைய ஃபின்லாந்தின் நிலைமை தெரிந்தால்தான் அந்தத் தாளின் துணிச்சல் புரியும். 1991-இல் சோவியத் யூனியன் கலைந்ததும் அதை நம்பியிருந்த ஏற்றுமதி படுத்துவிட்டது. வங்கிகள் திணறின. 1994 வாக்கில் வேலையின்மை நூற்றுக்குப் பதினாறைத் தாண்டியது. படித்து முடித்து வருகிற பிள்ளைக்கு வேலை கிடைக்கும் என்று எந்த ஆசிரியரும் வாக்குக் கொடுக்க முடியாத காலம். பழைய பாடத்தைப் பழைய மாதிரியே நடத்திக்கொண்டிருப்பதில் பார்ட்டனெனுக்கு நம்பிக்கை போயிருந்தது.

அந்தத் தாளைப் பார்த்து வந்தவர்களோடு அவர் தொடங்கியதுதான் டீமிஅகதேமியா. பாடவேளை கிடையாது, தேர்வு கிடையாது, ஆசிரியர் என்ற பதவியே கிடையாது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து நிஜமான நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்து நடத்துவார்கள். வாடிக்கையாளரைத் தேடிப் பிடிப்பார்கள், பில் போடுவார்கள், வரி கட்டுவார்கள். அதிலிருந்து கற்பதுதான் படிப்பு. சேர்த்த லாபத்தில் கடைசியில் உலகப் பயணம். மூன்றரை ஆண்டு முடிவில் கிடைப்பது மற்றவர்கள் வாங்குகிற அதே வணிக நிர்வாகப் பட்டம்தான். முப்பது வருடங்களுக்கு மேலாகியும் இது நடந்துகொண்டிருக்கிறது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மொண்ட்ராகன் பல்கலைக்கழகம் 2009-இல் இதை அடியொற்றித் தனிப் பட்டப்படிப்பே தொடங்கியது. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் பாடம் நடத்துகிற எனக்கு, இதை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

ஹெல்சிங்கியிலிருந்து ரயிலில் மூன்றரை மணி நேரம். செப்டம்பர் முதல் வாரம், பிர்ச் மரங்களின் நுனியில் மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. காடு, ஏரி, மறுபடி காடு. வழியில் டாம்பெரே நகரத்தில் ஃபின்லேசன் பஞ்சாலையின் செங்கல் கட்டடங்கள் இருக்கின்றன. 1882-இலேயே மின்விளக்கு எரிந்த ஆலை அது.

யூவாஸ்குலா சின்ன ஊர்தான். 1837-இல் உருவான நகரம். ஏரிக்கரையில் தொடங்கி, ஹார்யு என்ற மேட்டுக்கு ஏறிப் போகிறது. சந்தைத் திடலில் சிவப்பு லிங்கன்பெரிப் பழங்களைக் குவித்து வைத்து அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காப்பிக்கடையில் புல்லா என்று ஒரு ரொட்டி கொடுத்தார்கள். பிய்த்தவுடன் ஏலக்காய் மணந்தது. அவ்வளவு வடக்கே போய் ஏலக்காயைச் சந்தித்ததில் ஒரு மகிழ்ச்சி.

இந்த ஊரைப் பற்றி ஒரு பழைய கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஃபின்னிஷ் மொழியில் நடந்த முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1863-இல் இங்கேதான் தொடங்கியது. தொடங்கியவர் ஊனோ சிக்னேயுஸ். அலாஸ்கா ரஷ்யாவின் கையில் இருந்த நாளில் அங்கே சிட்காவில் பாதிரியாராக இருந்துவிட்டு வந்தவர். முதலிலிருந்தே பெண்களையும் பயிற்சியில் சேர்த்தார். 1866-ஆம் ஆண்டுத் தொடக்கப்பள்ளிச் சட்டத்தில் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்க வைத்ததும் அவர்தான். உலகத்தில் வேறெந்த நாடும் அதுவரை அப்படிச் செய்ததில்லை. மரம் இழைப்பதும் பின்னுவதும் தச்சனையும் நெசவாளியையும் உருவாக்குவதற்காக அல்ல, எந்தப் பிள்ளையும் தன் கையால் ஒன்றை முழுதாகச் செய்து முடித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக என்று அவர் வாதாடினார். அந்தப் பயிற்சிப் பள்ளி வளர்ந்துதான் இன்றைய யூவாஸ்குலா பல்கலைக்கழகமாகியிருக்கிறது. ஆசிரியரின் வேலை என்ன என்ற கேள்வியை இந்த ஊர் ஒன்றரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பார்ட்டனெனின் தாள் அதே ஊரின் சுவரில் ஒட்டப்பட்டதில் எனக்கு வியப்பில்லை.

நான் உட்கார்ந்தது இரண்டாம் ஆண்டுக் குழு ஒன்றின் அமர்வில். வாரத்துக்கு இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். மேசை இல்லை, நாற்காலிகள் வட்டமாக. பதினேழு பதினெட்டுப் பேர் இருக்கும். கோச் என்று அழைக்கப்படுகிறவர் இரண்டு மாணவர்களுக்கு நடுவே அதே மாதிரி நாற்காலியில் இருந்தார். எல்லாரும் அவரைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள். அந்த நாட்டில் எந்த ஆசிரியரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்காக ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டார்கள். முதலில் ஒவ்வொருவரும் அன்று என்ன மனநிலையில் வந்திருக்கிறார் என்று ஒரு வரி. ஒருவன் இரவு தூங்கவில்லை. ஒருத்தியின் பாட்டி ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்கள்.

ஏரிக்கரைக் குடில்களை வாடகைக்கு விடுகிற ஒருவருக்காக அவருடைய பழைய வாடிக்கையாளர்களிடம் பேசி ஓர் அறிக்கை தயாரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குத் திருப்தி. ஆனால் வாங்கிய தொகையை உழைத்த மணிக்கணக்கால் வகுத்துப் பார்த்தால் பகுதிநேரமாகப் பாத்திரம் கழுவப் போயிருந்தால் கிடைத்திருப்பதில் பாதிகூட வரவில்லை. விலை சொன்ன பையன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். இரண்டு பேர் அவனைச் சாடினார்கள், ஒருத்தி அவனுக்காகப் பரிந்து பேசினாள். பிறகு யாருக்கும் சொல்ல ஒன்றுமில்லாமல் போனது. மௌனம் நீண்டது. வகுப்பில் மௌனம் விழுந்தால் ஆசிரியர்களுக்குத் தாங்காது. ஒரு நிமிடம் ஆவதற்குள் விடையை எடுத்து நீட்டிவிடுவோம். அந்த கோச் மடியில் இருந்த நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு அப்படியே இருந்தார்.

கடைசியில் ஓரத்தில் இருந்த ஒரு பெண் எழுந்து சார்ட் தாளில் எழுத ஆரம்பித்தாள். விலை நிர்ணயம் பற்றி ஒரு புத்தகம் படித்திருந்தாளாம். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதாமாதம் ஆகிற செலவு எது, ஒரு வேலைக்கென்றே ஆகிற செலவு எது, ஒரு மணி நேரத்துக்கு நமக்கு எவ்வளவு வந்தால் கட்டுப்படியாகும் என்று பிரித்தாள். நடுவில் தடுமாறினாள். தூங்காமல் வந்தவன் எழுந்து போய் அவளோடு சேர்ந்து கணக்கைச் சரிசெய்தான். அப்போதுதான் கோச் வாயைத் திறந்தார். “இந்த விலையை வாடிக்கையாளரிடம் சொன்ன அன்றைக்கு, அது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?” மூன்று கைகள் உயர்ந்தன. அடுத்த ஒரு மணி நேரப் பேச்சு அந்தப் பையனை விட்டுவிட்டு, விலை சொல்வதற்கு முன் யார் யாரைக் கேட்க வேண்டும் என்பதற்குத் திரும்பிவிட்டது.

இதே கணக்கை எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங் என்ற பெயரில் நாங்களும் நடத்துகிறோம். ஓவர்ஹெட் என்றால் என்ன என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் புத்தகத்தில் இருப்பதைப் புள்ளி பிசகாமல் எழுதுவார்கள். அந்தக் கணக்கு தேவைப்படுகிற நாள் மட்டும் அவர்களுக்கு வருவதே இல்லை. கடைசி ஆண்டு ப்ராஜெக்டைக்கூட ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி வைவாவுக்கு வருகிற பிள்ளைகள் நம் ஊரில் எத்தனையோ பேர். அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது எளிது. ஆனால் அவர்கள் செய்யும் ப்ராஜெக்டுக்காக உலகத்தில் ஒருவரும் காத்திருக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். யூவாஸ்குலாவில் ஒரு குடில்காரர் காத்திருந்தார்.

அவர்கள் பேசுகிற முறைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கவனித்துக் கேள், மதி, உன் முடிவைச் சற்று நிறுத்தி வை, பிறகு உன் குரலில் பேசு என்ற நான்கையும் அவர்கள் வில்லியம் ஐசக்ஸ் என்ற அமெரிக்கரின் உரையாடல் நூலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஐசக்ஸ் கற்றது இயற்பியலாளர் டேவிட் போமிடமிருந்து. போமுக்கு உரையாடல் பற்றிய எண்ணங்கள் முற்றியது ஜே. கிருஷ்ணமூர்த்தியோடு ஆண்டுக்கணக்கில் பேசியதில். சிறுவனாக அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தில் வளர்ந்த அதே கிருஷ்ணமூர்த்திதான். அந்தச் சங்கிலியை மனதுக்குள் கோத்துப் பார்த்தபோது, வட்டத்தில் அந்நியமாக உட்கார்ந்திருந்த எனக்கு அந்த இடம் கொஞ்சம் சொந்தமானது.

சுயமாகக் கற்பது என்றவுடன் மூடிய அறையில் தனியாக யூடியூப் பார்த்துக்கொண்டிருக்கிற மாணவன்தான் நம் கண்ணில் வருகிறான். அந்தப் படத்தை இந்த ஊர் எனக்குள் அழித்துவிட்டது. இங்கே ஒவ்வொரு மாணவரும் ஒரு கற்றல் ஒப்பந்தம் எழுத வேண்டும். இங்கிலாந்தின் இயன் கன்னிங்ஹாம் வகுத்த ஐந்து கேள்விகள்: இதுவரை எங்கெல்லாம் இருந்தேன், இப்போது எங்கே இருக்கிறேன், எங்கே போக விரும்புகிறேன், எப்படிப் போவேன், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வேன். எழுதியதைக் குழுவின் முன் வாசிக்க வேண்டும். குழு குடையும். ஐந்தாவது கேள்வியில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்களாம். “தன்னம்பிக்கையோடு பேசுவேன்” என்று எழுதினால், யார் முன்னால், எதைப் பற்றி, எந்த மாதத்துக்குள் என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டுவிடுவார். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் ஒப்பந்தத்தின் பழைய வடிவங்களை எனக்குக் காட்டினாள். முதல் வடிவத்தில் தொழிலதிபர் ஆவேன் என்றிருந்தது. கடைசி வடிவத்தில், கறாராகப் பேசும் வாடிக்கையாளரிடம் இந்த வசந்த காலத்துக்குள் மூன்று முறை ‘முடியாது’ என்று சொல்லியிருப்பேன் என்றிருந்தது.

புத்தகங்களும் அப்படித்தான். எதைப் படிப்பது என்று யாரும் கட்டளையிடுவதில்லை. ஆனால் படித்தே ஆக வேண்டும். பார்ட்டனென் தொகுத்த நூல் பட்டியல் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு நூலுக்கும் இத்தனை புள்ளி என்று. படித்ததை நடக்கிற வேலையோடு பொருத்தி ஒரு கட்டுரை எழுதினால்தான் புள்ளி சேரும். ஒவ்வொரு ப்ராஜெக்டுக்குப் பின்னும் எது நன்றாகப் போயிற்று, எது போகவில்லை, என்ன கற்றோம், அடுத்த முறை என்ன செய்வோம் என்று எழுதி வைக்கிறார்கள். படிப்பின் முடிவில் ஒரு வாடிக்கையாளர் கொடுக்கிற சிக்கலுக்கு இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தீர்வு கண்டு, மறுநாள் அவர் முன்னால் நிற்க வேண்டும். கயிற்றுக் கட்டிலில் பாதிக்கு மேல் வெற்றிடம்தான்; கயிறு இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால்தான் ஆள் படுக்க முடிகிறது. இந்தச் சுதந்திரமும் அந்த மாதிரியானது.

டொராண்டோவைச் சேர்ந்த ஆலன் டஃப் என்ற ஆய்வாளர் 1970-களின் தொடக்கத்திலேயே, பெரியவர்கள் தாமாக எதையேனும் கற்கும்போது எப்படிக் கற்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பதிவு செய்தார். நண்பர், உறவினர், கடைக்காரர், அந்த வேலை தெரிந்தவர் என்று பலரைத் தேடிப் போய்க் கேட்டுத்தான் அவர்கள் கற்றிருந்தார்கள். தானாகக் கற்பவன் பலரிடமும் உதவி கேட்கிறவன். இதை நம் கல்லூரிகள் இன்னும் உள்வாங்கவில்லை என்றே நினைக்கிறேன்.

விடுமுறை நாளில் பேருந்து பிடித்து மூராட்சலோ தீவுக்குப் போனேன். கட்டடக்கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ யூவாஸ்குலாவில் பள்ளிக்குப் போனவர், 1923-இல் முதல் அலுவலகத்தை இங்கேதான் திறந்தார். பாய்யான்னே ஏரிக்கரையில் அவர் தனக்காக 1952, 1953 ஆண்டுகளில் கட்டிக்கொண்ட கோடை வீட்டுக்குச் ‘சோதனை வீடு’ என்றே பெயர். முற்றத்துச் சுவரை ஏறக்குறைய ஐம்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் செங்கற்களையும் ஓடுகளையும் வேறு வேறு விதமாகப் பதித்திருக்கிறார். இந்த அடுக்கு பார்வைக்கு எப்படி இருக்கும், குளிரும் மழையும் இதை என்ன செய்யும், இந்த இடுக்கில் பாசி பிடிக்குமா என்று பார்ப்பதற்காக. அப்போது அவருக்கு ஐம்பத்துநான்கு வயது. அருகில் சாய்னாட்சலோவில் அவருடைய புகழ்பெற்ற செங்கல் நகர்மன்றம் எழுந்திருந்தது. உலகம் அவரை அறிந்திருந்தது. அந்த நிலையிலும் செங்கல் பற்றித் தனக்குத் தெரியாதது இருக்கிறது என்று சொந்த வீட்டில் ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார். வழிகாட்டிப் பெண் மற்றவர்களை உள்ளே அழைத்துப் போன பிறகும் நான் முற்றத்திலேயே நின்று ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறையும் ஆசிரியர் அறையும் இருக்கிற ஒவ்வொரு கல்லூரியிலும் இப்படி ஒரு சுவர் வேண்டும்.

ஆனால் ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. விலை சொல்வதைத் தவறு செய்து கற்கலாம். த்ரீ ஃபேஸ் மின்சாரத்தை அப்படிக் கற்க முடியாது. லேத்தில் சக் சாவியை எடுக்காமல் சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்பதை வட்டமாக உட்கார்ந்து பேசிக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. வணிகப் படிப்புக்குப் பொருந்துகிற முறை உலோகத்துக்கும் கொதிகலனுக்கும் பொருந்துமா?

அதற்காகவே தொழிற்பள்ளிப் பட்டறை ஒன்றையும் பார்த்தேன். 2018 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஃபின்லாந்தில் தொழிற்கல்வி மாணவர் ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம் எழுதுகிறார்கள். ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் என்ன வேண்டும், அதை எங்கே கற்பது என்று மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். திறமையைத் தேர்வுத்தாளில் காட்டுவதில்லை. பெரும்பாலும் நிஜமான பணியிடத்தில் வேலையைச் செய்துகாட்ட வேண்டும். நான் போன பட்டறையில் பதினேழு வயதுப் பையனும், மரத்தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த நாற்பது வயதுக்காரரும் பக்கத்துப் பக்கத்து மேடையில் வெல்டிங் செய்துகொண்டிருந்தார்கள். பாதுகாப்பைப் பற்றி ஆசிரியர் கண்டிப்பாக, நேரடியாக, திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கே வட்டம் எதுவும் இல்லை. ஆனால் வெல்டிங் முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு அவர் கேட்ட கேள்வி: “இந்த இணைப்பை நீங்களே சோதித்தால் எங்கே குறை சொல்வீர்கள்?” பையன் இரண்டு இடத்தைக் காட்டினான். ஆசிரியர் மூன்றாவதைக் காட்டவில்லை. டார்ச் விளக்கை அவன் கையில் கொடுத்தார். ஆபத்தானதைச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். நல்ல வேலை எது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையை மாணவனிடம் கொடுத்தாக வேண்டும். இரண்டும் ஒரே பட்டறையில் நடக்க முடியும்.

இதற்கு இருண்ட பக்கமும் உண்டு, அதை மறைத்துவிட்டு எழுதுவது சரியாகாது. அந்தச் சட்டம் வருவதற்குச் சற்று முன்னால்தான் ஃபின்லாந்து அரசு தொழிற்கல்விக்கான நிதியை வெட்டியிருந்தது. நிதி குறைந்த நேரத்தில், அவரவர் வேகத்தில் அவரவர் கற்கலாம் என்ற புதிய முறையும் வந்து சேர்ந்தது. ஆசிரியரோடு இருக்கும் நேரம் குறைந்துவிட்டது, பதினாறு வயதுப் பிள்ளைகள் தனியாக விடப்படுகிறார்கள் என்று ஆசிரியர்களும் மாணவர்களும் வெளிப்படையாகக் குறை சொன்னார்கள். அந்தக் குறை எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆளைக் குறைப்பதற்குச் சுயகற்றல் என்று பெயர் வைப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. ஆறு பேருக்கு வேண்டிய ஆசிரியரை அறுபது பேருக்குப் பங்கிட்டுவிட்டு, நீங்களே கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்கிற நிர்வாகங்களை நாமும் அறிவோம். டீமிஅகதேமியாவில் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் கோச் அந்த நான்கு மணி நேரமும் அங்கேதான் இருந்தார்.

ஒதுங்கி இருக்கிற பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்றும் கேட்டேன். வட்டத்தில் வாய் பேசுகிறவர்கள் முன்னுக்கு வந்துவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்கள். முதல் ஆண்டிலேயே விலகி வேறு படிப்புக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அன்று சார்ட் தாளில் எழுதிய பெண் முதல் ஆறு மாதம் அநேகமாகப் பேசியதே இல்லையாம். படித்துப் படித்துக் கட்டுரை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். பேசாதவர்களுக்கும் எழுத ஒரு வழி இருந்திருக்கிறது. அந்தக் கட்டுரைகளை உட்கார்ந்து வாசிக்க ஓர் ஆளும் இருந்திருக்கிறார்.

கிளம்புகிற அன்று காலை அந்த கோச்சோடு ஏரிக்கரையில் நடந்தேன். பேசாமல் இருக்க எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். கோச்சுகளுக்கும் நீண்ட பயிற்சி உண்டு; அதிலும் வட்டம், புத்தகம், ஒப்பந்தம் எல்லாம் உண்டு, மாணவருக்கு இருப்பதெல்லாம் அவர்களுக்கும். அவருடைய இந்த ஆண்டு ஒப்பந்தத்தையும் மாணவர்கள் முன்னால்தான் வாசித்தாராம். அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். போன வருடம் ஒரு குழு மதிப்புக்கூட்டு வரிக் கணக்கில் சிக்கிக்கொண்டபோது அவர்களிடம் என்ன கேள்வி கேட்பதென்றே அவருக்குத் தெரியவில்லை. ஆகவே டிசம்பருக்குள் ஒரு கூட்டுறவு நிறுவனத்தின் வரிப் படிவத்தை யார் உதவியும் இல்லாமல் நிரப்பக் கற்றுக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறார். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இரண்டு பேர் புதன்கிழமைக் காலையில் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஐந்தாவது கேள்வியில் அவர்களும் அவரை விடவில்லை: படிவத்தை நிரப்பினால் மட்டும் போதாது, முதல் ஆண்டுக் குழு ஒன்றுக்கு அதை விளக்கிக் காட்ட வேண்டும் என்று சேர்த்து எழுத வைத்துவிட்டார்களாம்.